அறுபதாவது வினாடி

அம்மா அந்தக் காகிதங்களைச் சாப்பாட்டு மேசைமேல் போட்டாள். மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் உப்பு டப்பாவைத் தூக்கி மேலே வைத்தாள். பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி கை கழுவப் போய்விட்டாள்.

"என்னம்மா இது?"

"படிச்சவதானே நீ. படி."

மகள் படித்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பல்லி. சின்ன வயதில் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் ஒட்டிக் கிடப்பாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் வைத்த பெயர். முப்பத்தொரு வயதாகியும், ஆபீஸ் வரைக்கும், அந்தப் பெயர் உதிரவில்லை.

காகிதம் துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டிலிருந்து வந்திருந்தது. நான்கு மாதத்தில் மூன்று தடவை, தூக்கிய பெட்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. மூன்றாம் தடவை அது ஆடிப்போய் லாரிக் கூரையில் இடித்து, ஓட்டுநருக்குத் தோள் எலும்பு விட்டுவிட்டது. மூன்று தடவையும் கிரேனின் பதிவில் ஒரே வாசகம்: இயக்குநர் கையை விட்டார். வெள்ளிக்கு அடுத்த வெள்ளி விசாரணை. குற்றம் உறுதியானால் உரிமம் ரத்து.

அந்த இயக்குநர் அம்மா.

பத்தொன்பது வயதில் அதே யார்டில் மூட்டை சுமக்கப் போனவள். அப்புறம் நாற்பது மீட்டர் ஏணியில் ஏறி, கிரேன் கூண்டில் உட்கார்ந்த முதல் பெண்பிள்ளை. ஆறு வருஷமாக ஏணி இல்லை. கட்டுப்பாட்டு அறையில் நாற்காலி, எதிரே திரைகள், வலது கைக்கு ஒரு கைப்பிடி. அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கிற கிரேன் அவள் மணிக்கட்டுக்கு ஆடும். கைப்பிடியை உள்ளங்கை அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் கிரேன் நகரும். கையை எடுத்தால் அந்த நொடியே நிற்கும். மயக்கம் போட்டு விழுந்தாலும் யாரும் நசுங்கிச் சாகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. இருபத்திரண்டு வருஷக் கிரேன் வேலையில் அவள் கை வழுக்கியது என்று ஒருவரும் சொன்னதில்லை.

இரண்டாவது தாள் ஒரு தொழில்நுட்பக் கருத்து. பல்லி அதைப் படித்ததும் அவளுக்குக் காது சூடானது.

"இணைப்பில் குறை எதுவும் இல்லை. இயக்குநர் கைப்பிடியை விட்டிருக்கக்கூடும்."

கீழே அவள் ஆபீஸ் முத்திரை. எழுதியவர் பெயர் இல்லை. ஆனால் தான் பெற்ற வாக்கியத்தை அடையாளம் தெரியாமல் போகுமா? நாலு வாரத்துக்கு முன்னால், எந்த ஊர், எந்த யார்டு என்று எதுவும் இல்லாமல் வெறும் வாடிக்கையாளர் எண்ணோடு ஒரு புகார் அவள் மேசைக்கு வந்தது. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். பதினோரு நிமிஷம் பார்த்தாள். ஒரு வரி எழுதினாள். மூடினாள். சாப்பிடப் போனாள்.

அம்மா துண்டில் கை துடைத்துக்கொண்டே வந்தாள். "உங்க ஆபீஸ் முத்திரைதானே? எந்தப் புண்ணியவான்னு விசாரிச்சுச் சொல்லேன். நேர்ல போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வரேன்."

"நான்தாம்மா."

"என்ன நான்தான்?"

"அந்த வரியை எழுதினது."

அம்மா துண்டை மடித்தாள். மறுபடியும் பிரித்து மடித்தாள். கத்துவாள் என்று பல்லி காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"உனக்கு ஒரு வரி," என்றாள் அம்மா. "எனக்கு இருபத்திரண்டு வருஷம்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் கையை எடுக்கலடி. எழுதினவளே போய் அழிச்சிட்டு வா. அதுவரைக்கும் எங்கிட்ட சமாதானம் பேச வராதே."

*

பல்லியின் வேலையை அம்மா யாரிடமும் விளக்க முயன்றதில்லை. "கம்ப்யூட்டருக்குக் கொத்து வேலை" என்று சொல்லி முடித்துவிடுவாள். அது அப்படி ஒன்றும் தப்பான விளக்கம் இல்லை. திரையில் தெரிகிற பூ வேலையெல்லாம் மாடியில் இருப்பது. அடியில், யார் கண்ணிலும் படாமல் மொத்தப் பாரத்தையும் முதுகில் வாங்கிக்கொண்டு நிற்கிற பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேசுகிற இணைப்புகளைத் திறப்பதும் மூடுவதும் அதன் பாடு. அந்த வேலையில் வருகிற பிழைகளைத் தேடித் திருத்துவதுதான் பல்லிக்குச் சம்பளம்.

அணித் தலைவருக்கு ஆபீசில் சாமியார் என்று பட்டம். தாடி இருந்தது, கோபம் இல்லை. அவரிடம் போய் மூடிய புகாரைத் திறக்க வேண்டும் என்றாள்.

"யாரு மூடினது?"

"நான்தான் சார்."

"யாருக்காகத் திறக்கறே?"

"அந்த இயக்குநர் எங்கம்மா."

சாமியார் தாடியைத் தடவினார். "வாடிக்கையாளருக்குத் தெரிஞ்சா, பொண்ணு அம்மாவுக்காகக் கதை கட்டுதுன்னு சொல்லுவான்மா."

"தெரியட்டும் சார். நானே எழுதறேன். முதல் வரி, நான் தவறா மூடினேன். ரெண்டாவது வரி, அவங்க என் அம்மா. மூணாவது வரியிலேர்ந்து ஆதாரம் மட்டும்தான்."

"மூணாவது வரிக்கு ஏதாவது இருக்கா?"

"இன்னும் இல்ல சார்."

"நல்லா இருக்கு," என்றார் சாமியார். திறந்துவிட்டார்.

நாலு நாள் பதிவுகளைத் தின்றாள். கம்பி சரி, சாதனங்கள் சரி, வேகம் சரி. இயக்குநர் கையை எடுத்தாலும் அந்த வாசகம்தான், இணைப்பு அறுந்தாலும் அந்த வாசகம்தான் என்று மட்டும் தெரிந்தது. கிரேனுக்கு மென்பொருள் எழுதியவர்கள் இரண்டுக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள். அது சந்தேகத்துக்கு உதவும், ஆதாரம் ஆகாது. இணைப்பு ஏன் அறுந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். விசாரணை முடியும் வரை கைப்பிடியைத் தொடக் கூடாது என்று யார்டு ஆபீசில் காகிதம் அடுக்க உட்கார வைத்திருந்தார்கள். வேலை செய்து பழகிய கை சும்மா இருக்க முடியாமல் மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"சமாதானம் பேச வரல," என்றாள் பல்லி. "வேலை கேட்டு வந்திருக்கேன். நீ எப்படித் தூக்குவேன்னு காட்டு."

அம்மா ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இரண்டு டம்ளரை எடுத்துக் கவிழ்த்தாள். "இது நாலாம் நம்பர் கிரேன். இது ஏழு. ரெண்டும் என் பொறுப்பு. நாலுல பெட்டியை எறக்கிட்டேன். அடுத்த லாரி ஊர்ந்து வந்து நிக்கணும். அதுவரைக்கும் என்ன பண்ணுவே?"

"காத்திருப்பேன்."

"அதான் நீ ஆபீஸ்காரி. நான் நாலை விட்டுட்டு ஏழுக்குப் போவேன். அங்க ஒரு பெட்டியை நேர் பண்ணி வச்சிட்டு, லாரி நிக்கறதுக்குள்ள நாலுக்கே வந்துடுவேன். ஒரு ஷிஃப்டுல நூறு தடவை போவேன், வருவேன்."

"எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்களா?"

"எல்லாருமா!" அம்மாவுக்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "பக்கத்து நாற்காலியில நிதானம்னு ஒருத்தன். ஒரு கிரேனை விட்டா, கொட்டாவி விட்டு, நெட்டி முறிச்சு, டீயை ஊதிக் குடிச்சிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவான். அவனுக்கு ஒரு தடவை கூட நிக்கல. அதையும்தான் என் தலையில எழுதியிருக்காங்க. அவனுக்கு நிக்காதது உனக்கு மட்டும் ஏன் நிக்குதுன்னு."

பல்லி போனில் கடிகாரத்தை ஓடவிட்டாள். அம்மா டம்ளர்களுக்கு நடுவே மனசுக்குள் பெட்டியைத் தூக்கி, நகர்த்தி, இறக்கி, திரும்பி வந்தாள். முப்பத்தெட்டு வினாடி. நாற்பத்தொன்று. நாற்பது.

"அந்த மூணு நாளும் வேற என்ன விசேஷம்?"

"மழை. அதனாலதான் கை ஈரத்துல வழுக்கியிருக்கும்னு சூப்பிரண்டு சொன்னாரு. மழை யார்டுலயா, என் நாற்காலியிலயான்னு கேட்டேன். திமிர்னு எழுதிக்கிட்டாரு."

"மழைன்னா நீ எதையாவது மாத்திச் செய்வியா?"

"எட்டு கேமராவையும் போட்டுப்பேன். மத்த நாள்ல மூணு போதும்."

பல்லி எழுந்து மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்தாள். பதிவில் இரண்டே இரண்டு நேரங்களைத் தேடினாள்: அம்மா நாலாம் கிரேனை விட்ட நேரம், அது அந்தரத்தில் நின்ற நேரம். கழித்தாள். அறுபது. அடுத்த சம்பவம். அறுபது. லாரிக்காரனுக்குத் தோள் உடைந்த நாள். அறுபது.

"அம்மா."

"என்னடி, முகம் வெளுத்துப் போச்சு?"

"ஒரு கை மூணு தடவையும் சரியா அறுபதாவது வினாடியிலேயா வழுக்கும்?"

*

அம்மா நாலாம் கிரேனை விட்டு ஏழுக்குப் போகிற மாதிரி ஒரு இணைப்பு மூடியதும், கெர்னல் அதன் இடத்தை உடனே காலி செய்யாது. வழியில் தாமதமாகிற சரக்கு ஏதாவது வந்து, வேறு யாருடைய இணைப்பிலோ விழுந்துவிடக் கூடாது அல்லவா? அதனால் அறுபது வினாடி இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். அறுபதாவது வினாடியில் காலி செய்யச் சொல்லி ஒரு அலாரம் வைத்துவிடும். அதற்குள் பழைய ஆளே திரும்பி வந்தால், அலாரத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தையே கொடுக்கும்.

கெர்னலில் இதைச் செய்கிற வரிகளைப் பல்லி திங்கட்கிழமை காலையில் கண்டுபிடித்தாள். ஒரே கணினிக்குள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் செயலிகள் பல; அலாரம் அதில் ஒன்றின் பொறுப்பில் இருக்கும். திரும்பி வந்த ஆளை வரவேற்பது இன்னொரு செயலி. வரவேற்கிற செயலி அலாரத்தை வைத்திருக்கிற செயலியிடம் "நிறுத்து" என்று சொல்லும். அது பதில் சொல்லும். அந்தப் பதிலை இந்தக் கெர்னல் காதில் வாங்கவே இல்லை. வேலை மும்முரத்தில் இருக்கிற செயலி "இப்போ முடியாது" என்று சொன்னாலும், நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு இடத்தைக் கொடுத்துவிட்டது. பழைய அலாரம் தன்பாட்டுக்கு ஓடி, அறுபதாவது வினாடியில், புதிதாக உட்கார்ந்தவளைப் பிடரியில் கைவைத்து வெளியே தள்ளியது.

எட்டு கேமரா ஓடினால் செயலிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நிதானம் மாதிரி டீ குடித்துவிட்டு வந்தால் அறுபது வினாடி கழிந்து அலாரம் தானே அடித்து ஓய்ந்திருக்கும். வேகமாக வேலை செய்கிறவளை மட்டும் தேடிப் பிடித்து அடிக்கிற பிழை. பல்லி மேசைமேல் இரண்டு சிறிய கணினிகளைப் பிணைத்தாள். எட்டு கேமராவுக்கு உண்டான பாரத்தை ஏற்றினாள். இணைப்பை விட்டு நாற்பது வினாடியில் திரும்பி வரும்படி செய்தாள். மதியம் மூன்று மணிக்குள் இணைப்பு பதினாறு தடவை செத்தது. பதினாறும் அறுபதில்.

திருத்தம் எழுதி அனுப்பினாள். அந்தக் கெர்னல் உலகம் முழுக்கப் பொதுச் சொத்து. ஆனால் இணைப்புப் பகுதிக்கு ஒரு காவல்காரர் உண்டு. எந்த நாட்டிலோ இருக்கிறார், பல்லி பார்த்ததில்லை. அவர் பார்த்துச் சரி என்றால்தான் ஒரு வரி உள்ளே போகும். எல்லார் முன்னாலும், மின்னஞ்சலில், மூக்கை உடைப்பதில் பேர்போனவர்.

மறுநாள் பதில் வந்தது. "நிறுத்த முடியவில்லை என்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல்கிறீர்கள். இது திருத்தம் இல்லை, பிரார்த்தனை. அந்தக் கணத்தில் அந்த இடம் யாருக்குச் சொந்தம்? அதைச் சொல்லுங்கள்."

சாமியார் எட்டிப் பார்த்துப் படித்தார். "அழுகை வருதா?"

"வரல சார். அவர் சொல்றது சரி. அதான் கடுப்பா இருக்கு."

சொந்தம் யாருக்கு? அலாரம் நிற்கவில்லை என்றால் இடம் இன்னும் அலாரத்துக்குத்தான் சொந்தம். அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. வந்தவளுக்குப் புது இடம் போட வேண்டும். யார்டில் மூட்டை சுமந்தவர்களுக்குக் கூடத் தெரிந்த சங்கதி. இன்னொருவன் கை இருக்கிற கயிற்றில் நீ கை வைக்காதே. ஒன்பது வரி. பழைய கெர்னலில் பதினாறு தடவை செத்தது, புதியதில் இரண்டு நாள் ஓடியும் ஒரு தடவை கூடச் சாகவில்லை.

காவல்காரர் இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அறிவித்தவர் என்ற வரியில் 'வாடிக்கையாளர்' என்று போட்டிருக்கிறீர்கள். வாடிக்கையாளருக்குக் கண் கிடையாது. பார்த்த ஆள் யார்?"

அது அந்த உலகத்தின் வழக்கம். ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் பிழையை முதலில் பார்த்துச் சொன்னவரின் பெயரும் முகவரியும் நிற்கும். அந்தக் கெர்னல் இருக்கிற வரைக்கும் நிற்கும், அழிக்க முடியாது.

சாயங்காலம் பல்லி வீட்டுக்கு வந்து, "அம்மா, உனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி வேணும்," என்றாள்.

"எதுக்கு? எனக்கு யாரு கடிதாசி போடப் போறா?"

"உன் பேரைப் போடணும். நீதான் பிழையைக் கண்டுபிடிச்சே."

"நானா கண்டுபிடிச்சேன்? நான் கையை எடுக்கலைன்னு சொன்னேன்."

"அதேதான் கண்டுபிடிப்பு. மத்தவங்க யாரும் அதைச் சொல்லல. நான் உட்பட."

அம்மா விரலை உயர்த்தினாள். "மகள்னு எல்லாம் அதுல எழுதாதே. பொண்ணு தயவுல பேரு வந்ததுன்னு ஆயிடும். கிரேன் இயக்குநர்னு போடு. முழுப் பேரையும் போடு. இனிஷியலை விட்டுடாதே."

*

வெள்ளிக்கிழமை விசாரணையைக் கட்டுப்பாட்டு அறையிலேயே வைக்கும்படி பல்லியின் ஆபீஸ் எழுதிக் கேட்டிருந்தது. சூப்பிரண்டு வந்தார். பெரிய ஆபீசர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நிதானம் தன் நாற்காலியில் டீயோடு இருந்தார். அம்மா சுவரோரம், கை கட்டாமல், நேராக நின்றாள்.

பல்லி முதலில் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினாள். "இந்த வரியை எழுதினது நான். பதினோரு நிமிஷம் பார்த்துட்டு எழுதினேன். தப்பு. இவங்க என் அம்மாங்கறது அப்போ எனக்குத் தெரியாது. தெரியாம செஞ்சதாலே தப்பு குறைஞ்சிடாது."

"சரிம்மா, இப்போ அம்மான்னு தெரிஞ்சதும் மெஷின் மேல பழியைத் திருப்பறீங்க," என்றார் சூப்பிரண்டு. அவரும் ஒரு காலத்தில் கிரேன் ஓட்டியவர். அந்தப் பெருமை மீசையில் இருந்தது.

"நான் சொல்றதை நம்ப வேணாம் சார். அம்மா சொல்றதையும் நம்ப வேணாம். நீங்களே உட்காருங்க."

"நானா?"

"நாலாம் கிரேன். பழைய மென்பொருளேதான் இருக்கு. கொக்கியில சுமை இல்ல, கீழே ஆள் இல்ல. எட்டு கேமராவையும் போட்டுக்கோங்க. ஏழுக்குப் போய்ட்டு நாற்பது வினாடிக்குள்ள திரும்பி வாங்க."

ஆபீசர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மறுக்க முடியும்? உட்கார்ந்தார். முதல் நாலு தடவை எழுபது வினாடி ஆனது. அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"சார், ஏழை விடறப்பவே நாலைக் கண்ணால தேடுங்க. விட்டுட்டுத் தேடாதீங்க."

வேகம் பிடித்தது. ஐம்பத்திரண்டு. நாற்பத்தாறு. நெற்றியில் வியர்வை. பத்து தடவை, இருபது தடவை ஒன்றும் ஆகவில்லை. சூப்பிரண்டின் மீசை மெல்ல மேலே ஏறியது. பல்லி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் பதினாறு தடவை செத்தது இங்கே சாகாமல் போனால்? அம்மா மட்டும் அசையவில்லை.

இருபத்தேழாவது தடவை. நாற்பத்து மூன்றில் நாலுக்குத் திரும்பினார், கொக்கியை ஏற்றினார். ஏறிக்கொண்டிருந்த கொக்கி, அந்தரத்தில், பட்டென்று நின்றது. திரையில் சிவப்பாக ஒரு வரி விழுந்தது.

இயக்குநர் கையை விட்டார்.

சூப்பிரண்டு தன் கையைப் பார்த்தார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

நிதானம் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, பதற்றமே இல்லாமல் கேட்டார். "என்ன சார், கை வழுக்கிடுச்சா? மழை கூட இல்லையே."

பெரிய ஆபீசர் ஒருவர் இருமி, சிரிப்பை விழுங்கினார். இன்னொருவர் பதிவைச் சரிபார்த்தார். நாலை விட்ட நேரத்திலிருந்து சரியாக அறுபது வினாடி.

திருத்திய கெர்னலைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினார்கள். இந்தத் தடவை நாற்காலியில் அம்மா. யாரும் உட்காரச் சொல்லவில்லை. சூப்பிரண்டு எழுந்ததும் போய் உட்கார்ந்துவிட்டாள். நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. நூறு தடவை முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அறுபதாவது வினாடி வந்தது, போனது, கொக்கி ஏறிக்கொண்டே இருந்தது.

குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாக ஆபீசர் சொன்னார். கிரேன் பதிவில் இணைப்பு அறுந்ததற்குத் தனி வாசகம் போடச் சொல்லி உத்தரவு எழுதினார். வேறு ஏதாவது வேண்டுமா என்று அம்மாவைக் கேட்டார்.

"என் பதிவேட்டுல மூணு இடத்துல எழுதியிருக்கு. பேனாவால அடிக்கணும். என் கண்ணு முன்னாடி."

சூப்பிரண்டே அடித்தார். மூன்றாவது கோட்டை அடித்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல், "திமிர்னு எழுதினதையும் அடிச்சிடவா?" என்றார்.

"அது இருக்கட்டும் சார்," என்றாள் அம்மா. "அது உண்மைதானே."

*

திருத்தம் அந்த வாரமே உள்ளே போனது. காவல்காரர் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: ஏற்றேன். சாமியார் அதை அச்செடுத்துக் கொடுத்தார். பல்லி வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, உப்பு டப்பாவை மேலே வைத்தாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் பார்த்தாள். மேலே இருந்ததெல்லாம் அவளுக்குப் புரியாத எழுத்து. அடியில் இரண்டு பெயர். எழுதியவர், மகள். அறிவித்தவர், அவள். முழுப் பெயர், இனிஷியலோடு.

"இது எங்கெல்லாம் போகும்?"

"இந்தக் கெர்னல் ஓடற எல்லா இடத்துக்கும். ஆஸ்பத்திரி, ரயில், கப்பல். கணக்கே கிடையாது."

"அங்கெல்லாம் என் பேரு இருக்குமா?"

"இருக்கும். யாராவது வேகமா வேலை செஞ்சா, அவங்களைப் பிடிச்சுத் தள்ளாம இருக்கறது உன்னாலதான்."

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண்ணில் தண்ணீர் எல்லாம் இல்லை. அவள் அந்த ரகம் இல்லை. ஆனால் கழுத்து ஒரு சாண் நிமிர்ந்திருந்தது. காகிதத்தை நாலாக மடித்து யார்டுக்குக் கொண்டுபோகிற பையில் வைத்தாள்.

"எதுக்கும்மா அங்க?"

"நிதானத்துக்குக் காட்டணும். படிச்சு முடிக்க அவனுக்கு ஒரு ஷிஃப்டு ஆகும்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "பல்லி."

"என்னம்மா?"

"அடுத்த தடவை எவனாவது கையை எடுக்கலைன்னு சொன்னா, சாப்பிடப் போறதுக்கு முன்னாடி, விட்ட நேரத்தையும் நின்ன நேரத்தையும் கழிச்சுப் பாரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். காலை ஷிஃப்டுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அவள் எப்போதும் போல முன்னாலேயே போய்ச் சேருவாள்.